டவுனுக்கு ஒரு விரல்

படுக்கை விரிப்பின் மூலையைச் செருகும்போது
டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் என்றாள்
சாலாச்சி மூன்சாமி.
டர்பன் கடற்கரை ஓட்டல், ஏழாம் மாடி,
ஒரு ஷிஃப்டுக்குப் பதினாறு கட்டில்.
பெரிய வலி இல்லை.
வலது சுட்டுவிரலின் நுனி மட்டும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழாத பிள்ளைபோல
தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு
நுனியைத் தூக்குங்கள் என்றேன்.
தூக்கினாள்.
புருவம் ஏறியது, தோள் ஏறியது,
நாக்குக்கூடப் பல்லிடுக்கில் எட்டிப்பார்த்தது.
நுனி அசையவில்லை.
நான் நிமிர்த்தினால் நிமிர்கிறது,
விட்டால் விழுகிறது.
அழுத்திய இடத்தில் 'ஐயோ' என்றாள்.
மூன்று தலைமுறை ஆங்கிலத்தில்
வலிக்கு மட்டும் தமிழ் மிஞ்சியிருந்தது.

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் எலும்புச் சில்லு பெயரவில்லை.
நகத்துக்குச் சற்றுப் பின்னால்
நூல்போல ஒரு தசைநாண் அறுந்திருக்கிறது.
கத்தி வேண்டாம், பத்தை போதும்.

பத்தைக்கு வெந்நீர் வேண்டும்.
அட்டவணைப்படி பத்து மணிக்குக் கரண்ட் போயிருந்தது.
டீ அறையின் கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்து
பிளாஸ்டிக் தகட்டை முக்கினேன்.
அது தோசை மாவின் ஓரம்போல் துவண்டது.
விரலில் பொதிந்து
நுனியை மயிரிழை பின்னால் சாய்த்து
இறுகும்வரை பிடித்திருந்தேன்.
அந்த இரண்டு நிமிடமும்
என் கட்டைவிரலின் அடிமூட்டில்
யாரோ கல் உப்பு நுணுக்கிக்கொண்டிருந்தார்கள்.
சொல்லவில்லை.

எட்டு வாரம். தூங்கும்போதும்.
கழுவ வேண்டுமா, விரலை மேசையில் மட்டமாக வைத்து
பத்தையை உருவுங்கள்.
ஒருமுறை மடங்கினாலும் மறுபடி முதல் நாள்.
'ஒரே ஒருமுறையா?'
'ஒரே ஒருமுறை.'
கந்துவட்டிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அப்போதுதான் டாக்ஸிக் கதையைச் சொன்னாள்.
இங்கே டாக்ஸியை நிறுத்த வாய் வேண்டாம்,
சுட்டுவிரல் வானைக் காட்டினால் டவுன்,
தரையைக் காட்டினால் பக்கத்துத் தெரு.
நுனி தொங்கிய மூன்று நாளும்
ஹிக்கின்சன் ஹைவேயில், ஐந்தேகால் இருட்டில்,
அவள் விரல் பாதி டவுனும் பாதி தரையுமாக நிற்க
டிரைவர்கள் ஹார்ன் அடித்துக் குழம்பிப் போனார்களாம்.
நான் எங்கே போறேன்னு
என் கைக்கே தெரியலை டாக்டர்.
நான் டாக்டர் இல்லை என்று திருத்தவில்லை,
சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வாரம், முறை இல்லாத நாளில் வந்தாள்.
பத்தை அவள் கைப்பையில் இருந்தது.
ஓட்டல் வாசலில் வருகைப்பதிவு மெஷின்
பிளாஸ்டிக்கை அடையாளம் தெரியாது என்றுவிட்டது.
நாலு நாள் சம்பளம் வெட்டு.
ஐந்தாம் நாள் பத்தையைக் கழற்றி
கண்ணாடியில் அழுத்தினாளாம்.
வழுக்கி, மடங்கியது.
மெஷின் பச்சை விளக்குக் காட்டியதாம்.

திட்ட வாயெடுத்தேன்.
காலண்டரைத் திருப்பி
'முதல் நாள்' என்று எழுதினேன்.
பிறகு ஓட்டலுக்கு ஒரு கடிதம், இரண்டே வரி:
இவருக்கு இடது கையும் உண்டு.
அந்த விரலைப் பதிந்துகொள்ளவும்.
கீழே முத்திரை, இரண்டு தரம் குத்தினேன்.
இவளுக்கு நான் செய்த வைத்தியத்தில்
உருப்படியானது அதுதான் என்று தோன்றுகிறது.

பதின்மூன்றாம் வாரம்
நடு மூட்டைப் பிடித்தேன், தூக்குங்கள்.
தோள் ஏறவில்லை, நாக்கு வெளியே வரவில்லை.
நுனி எழுந்தது.
முழுவதும் இல்லை, பத்து டிகிரி பாக்கி.
அது வராது என்றேன்.
பரவாயில்லை, டாக்ஸிக்கு இது போதும் என்றாள்.
ராத்திரிக்கு மட்டும் இன்னும் ஒரு மாதம் பத்தை.

விடைபெறும்போது இந்த ஊர் வழக்கப்படி கைகுலுக்கினாள்:
உள்ளங்கை, பிறகு கட்டைவிரலைச் சுற்றி ஒரு பிடி,
மறுபடி உள்ளங்கை.
இரண்டாவது பிடியில்
என் வாயிலிருந்து வந்தது 'ஐயோ'.

கையை விடவில்லை அவள்.
திருப்பிப் பார்த்தாள், அடிமூட்டில் லேசாக அழுத்தினாள்,
என் முகத்தையும் பார்த்தாள்.

'எக்ஸ்ரே எடுத்தாச்சா?'